கீபோர்டில் ஒட்டிய பொட்டு

குழித்துறை,
நவம்பர் 9

அன்பு மகன் ஜிபினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நான் முழுச் சுகம், அப்பா பாதிச் சுகம், மற்றப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். நீயும் தோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு உறங்கி நல்லபடி இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இருப்பது உன் அப்பா, அவர் காதுக்குப் போகக் கூடாத சங்கதி இது. யேசுரத்தினம் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், நேந்திரங்காய் வற்றலோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வற்றலை அறையில் உள்ளவர்களுக்கும் கொடு, முழுவதையும் ஒரே நாளில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கீபோர்டை யாருக்கும் கொடுக்க முடியாது. தூசி பிடித்துத்தானே கிடக்கிறது, அக்காள் பிரிஜாவின் மகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று போன வாரம் நீ சொன்னாய். நான் பேசாமல் இருந்தேன், சரி என்று சொல்லவில்லை. பிரிஜாவிடமும் நான் சொல்லிவிட்டேன், அவளுக்கு முகம் கொஞ்சம் சுண்டித்தான் போயிற்று, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஜூனில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் இழுத்தபோது நீ பத்து நாள் வந்து நின்றுவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நடை வந்தது, பேச்சும் வந்தது, பேச்சு இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருக்கலாம் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். வலது கை விரல்கள் மட்டும் வரவில்லை. முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் ஆழம் தவறாமல் பால் வெட்டின விரல்கள், ஒரு தீப்பெட்டியை எடுக்க முடியாமல் கிடக்கின்றன. முதல் ஆறு மாதம் விட்டுவிடாமல் பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். விரலை ஒவ்வொன்றாக அசைக்க வேண்டும் என்று பிசியோதெரபிக்காரப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். அதை இவர் முற்றத்தில் நிற்கிற கோழியை எறியத்தான் எடுக்கிறார், அதுவும் இடது கையால். நான் சொன்னால், எனக்க கை செத்துப் போச்சு, செத்ததுக்கு எதுக்காக்கும் பயிற்சி என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வார்த்தையைக் கேட்டு நான் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் உன் அம்மா எப்படி என்று உனக்குத் தெரியும்.

நம் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற ஜின்சி, பிள்ளைகளுக்கு நிறம் வைத்துக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறாள். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நிறம், பாட்டுத் தாளிலும் எழுத்துக்குப் பதில் அதே நிறத்தில் வட்டம். சிவப்பு வட்டம் வந்தால் சிவப்புக் கட்டையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் நாலு வரிப் பாட்டை வாசித்துவிடுகிறது. அவளிடம் ஒரு பாட்டுத் தாளை வாங்கினேன். கட்டையில் ஒட்ட எட்டு நிறத்துக்கு எங்கே போக. கிருஷ்ணமணியின் பேன்சி கடையில் ஸ்டிக்கர் பொட்டு எட்டு நிறத்தில் எட்டு பாக்கெட் வாங்கினேன், இருக்கிறதிலேயே பெரிய அளவு. அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாகப் பொட்டு வாங்குகிறேன். டீச்சருக்கு இந்த வயசில பொட்டு வைக்க ஆசை வந்தாச்சா என்று அவர் சிரித்தார். பின்னால் நம் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் வளையல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் வழிதவறுகிறவர்களுக்காக ஜெபம் செய்தார்களாம், பெயர் சொல்லவில்லையாம். எந்த ஜெபமும் வீண் போகாது, செய்யட்டும் என்று இருந்துவிட்டேன்.

பொட்டு ஒட்டின கீபோர்டைக் கண்டதும் அப்பா கொதித்துவிட்டார். சின்னப் பிள்ளைகளுக்க சாமானத்த எனக்க முன்னால கொண்டு வச்சிருக்கியா என்று திரும்பி உட்கார்ந்தார். உங்களுக்கு இல்லை, எனக்கு என்றேன். நானே வாசித்தேன். எனக்கு ராகமும் தெரியாது தாளமும் தெரியாது, அங்கன்வாடி டீச்சராகப் பிள்ளைகளோடு கைதட்டிப் பாடினதோடு சரி. சபைப் பாடகர் குழுவில் இருபது வருஷம் நின்ற மனுஷனால் அதைக் கேட்டுக்கொண்டு எப்படி இருக்க முடியும். நாலாம் நாள், ஏட்டி, பச்சை, நீ நீலத்தப் போட்டுத் தட்டுதியே என்று கத்திக்கொண்டு வந்து தானே தட்டிக் காட்டினார். இடது கையால். எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. மறுநாளிலிருந்து அவருடைய இடது கையில் பால் விடாத சூடான கட்டன்சாயாக் கிளாசைக் கொடுத்துவிட்டுத்தான் வாசிக்க உட்கார்ந்தேன், பக்கத்தில் இருந்த ஸ்டூலையும் அடுக்களைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கிளாசை வைக்க இடமில்லை, என் வாசிப்பைப் பொறுக்கவும் முடியவில்லை. பொய் சொல்லக் கூடாது, முதலில் உண்மையாகவே தப்பாக வாசித்தேன், இரண்டு வாரத்தில் பாட்டு எனக்கு வந்துவிட்டது, அதற்குப் பிறகு வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். கடைசியில் அவர் வலது கையைத் தூக்கி மொத்தமாகக் கட்டையின்மேல் போட்டார். நாலு கட்டை சேர்ந்து அலறியது. எனக்கு ஒன்றும் தெரியாதது போல மறுபடியும் தப்பாக வாசித்தேன். அக்டோபர் முதல் வாரம் சுட்டுவிரல் தனியாக இறங்கியது. கடைசி வாரம் நடுவிரல். மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்னும் உறக்கத்தில்தான் இருக்கின்றன. ஜின்சி அந்தப் பாட்டை இரண்டு விரலுக்குத் தக்கபடி மாற்றி வேறு தாள் எழுதித் தந்திருக்கிறாள்.

இனி நான் எழுத வந்த காரியம். செவ்வாய்க்கிழமை ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் பச்சைக் கட்டையில் பொட்டு இல்லை. யார் எடுத்தது என்றேன். பாட்டுதான் எனக்குத் தெரியுமே, பின்ன அது எதுக்கு, கண்ணுக்கு இடைஞ்சலாட்டு இருந்து, அதான் உரிச்சேன் என்றார். எந்தக் கையால் என்று கேட்டேன். வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன், பெருவிரல் நகத்திலும் சுட்டுவிரல் நுனியிலும் பொட்டின் பசை. மக்கா, ஒட்டின பொட்டை உரிக்க வேண்டுமென்றால் இரண்டு விரலும் சேர்ந்து கிள்ள வேண்டும். அந்தக் கிள்ளலுக்காகத்தான் அந்தப் பிசியோதெரபிக்காரப் பெண் ஜூலையிலிருந்து காத்திருக்கிறாள். நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், முகம் கழுவிவிட்டு வந்து அதே இடத்தில் புதுப் பச்சைப் பொட்டை அழுத்தி ஒட்டினேன். மறுநாள் காலையில் அவர் என்னைத் திட்டிக்கொண்டே அதையும் உரித்தார். இப்போது தினமும் நான் ஒட்டுகிறேன், அவர் உரிக்கிறார். உனக்குப் பைத்தியமா செல்லபாயி என்கிறார். ஆமாம் என்கிறேன். டாக்டர் சொன்ன ஆறு மாதம் டிசம்பரில் முடியும், அதற்காக நான் நிறுத்தப்போவதில்லை. கிருஷ்ணமணியிடம் இன்னும் பன்னிரண்டு பாக்கெட் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ போனில் கை எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்காதே, கேட்டால் செத்துப்போன கதையைத் தொடங்கிவிடுவார். அம்மா வாசிக்கிறதைச் சகிக்க முடியவில்லை என்று நீயும் சேர்ந்து குறை சொல், அது போதும். வெயிலில் வேலைக்குப் போனால் தண்ணீர் நிறையக் குடி, ஞாயிறு ஆராதனையை விடாதே, கூட வேலை செய்கிறவர்களோடு வம்புக்குப் போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் பிரயாசத்தை வாய்க்கப்பண்ணுவாராக.

இன்னொன்று, கிறிஸ்துமசுக்கு வரும்போது அப்பாவுக்கென்று கொண்டுவரப் பொத்தான் இல்லாத பனியன் சட்டை இரண்டு எடுத்து வைத்திருக்கிறாயாம், பிரிஜா சொன்னாள். அதை நீயே போட்டுக்கொள். அவருக்கு முழுக்கைச் சட்டை எடு, கழுத்திலிருந்து கீழே வரைக்கும் பொத்தான் இருக்க வேண்டும், மணிக்கட்டிலும் இருக்க வேண்டும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
செ. செல்லபாய்