ஈசானிய மூலையில் எண்ணெய்

ஜூன் 17, செவ்வாய்

காலையிலேயே நல்ல வெயில். காரின் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை. நேற்று நானே செய்து முடித்த வேலை: வால்வ் கவர் காஸ்கெட் மாற்றியது. எஞ்சின் தலைக்கும் அதன் மூடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர். பழையது காய்ந்து முறுக்கு மாதிரி ஒடிந்தது. பெங்கெல் பட்டறையில் விட்டால் அங்கே மெக்கானிக் போர்மேன் இரண்டு நாள் போட்டு வைப்பான். எனக்கு நாற்பது நிமிடம். என் வீட்டுக்காரி சரோஜா நாலு மணி நேரம் என்கிறாள். நான் தேநீர் குடித்ததையும் சேர்த்துக்கொண்டாள்.

கழற்றிய போல்ட் பத்து. திரும்பப் பூட்டியது பத்து. மிச்சம் எதுவும் இல்லை. எத்தனை போர்மேன் இப்படிச் சொல்ல முடியும்?

மகள் மலருக்கு வரும் திங்கள் சுங்கை பாக்காப்பில் புது வேலை, பல் கிளினிக்கில். எங்கள் ஜெலுத்தோங்கிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். இந்தக் கார்தான் அவளுக்கு. ஆனால் கிளினிக் பக்கத்தில் ஓர் அம்மா வீட்டில் அறை காலியாம். பழைய காரை நம்பி ஓடுவதைவிட அங்கேயே தங்கிவிடலாமா என்று யோசிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

அறை எதற்கு? கார் இருக்கிறது. காரைப் பார்க்க அப்பன் இருக்கிறான்.

மாலை 6. மலர் பாசார் சந்தை வரை ஓட்டிப் போய் வந்தாள். இறங்கியதும், "அப்பா, ஏதோ கருகுற வாசம் வருது."

"புது ரப்பர் லா. பழகுற வரைக்கும் அப்படித்தான்."

அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போனாள். படித்த பிள்ளைகளுக்கு எதிலும் சந்தேகம்.


ஜூன் 18, புதன்

மேகமூட்டம். போர்ச் சிமெண்டில் கறுப்பாக ஒரு வட்டம், தோசைக் கரண்டி அகலம். எஞ்சின் ஆயில். சரோஜா துடைப்பத்தோடு வந்து நின்றாள். "கோலம் போடுற இடங்க இது."

ஒழுகக்கூடிய இடங்கள், என் அனுபவப்படி:
1. அடியில் ஆயில் இறக்கும் போல்ட்
2. ஆயில் பில்டர்
3. எஞ்சின் பக்கவாட்டு சீல். (இது போனால் எஞ்சினையே இறக்க வேண்டும். இப்போதைக்கு நினைக்கவில்லை.)
4. வால்வ் கவர். என் கைவேலை. ஆகவே கோடு போட்டு அடித்துவிட்டேன்.

காரை ஜாக்கியில் ஏற்றிக் கட்டை வைத்து, அடியில் புகுந்தேன். முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவன். இந்தப் பாலம் கட்டின காலத்தில் மணல் லாரி என்னுடையதுதான். நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோது பால வேலையே நின்றது. சரி, ஒரு நாள் நின்றது. அன்றைக்கு மழை வேறு.

பக்கத்து வீட்டு ஜமால் பாய் எட்டிப் பார்த்தார். நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட வயதில் இளையவர், வாய் மட்டும் மூத்தது. காரைக் கெரெத்தா என்றுதான் சொல்வார்.

"என்னண்ணே, கெரெத்தா உங்கள முழுங்கிடுச்சா?"

"பில்டர்ல ஒழுகுது பாய்."

"அப்ப முந்தாநாள் மேல ஏதோ கழட்டினீங்களே?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

பில்டரைச் சுற்றி ஒரே ஈரம். கண்டுபிடித்தாயிற்று. புது பில்டர், அடி போல்ட்டுக்குப் புது வாஷர். மதியத்துக்குள் முடிந்தது. "இனி பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல" என்று மலரிடம் சொன்னேன். தலையாட்டினாள். போனைப் பார்த்துக்கொண்டேதான்.


ஜூன் 19, வியாழன்

விட்டு விட்டு மழை. மானம் போன நாள்.

மலரும் சரோஜாவும் வேலைக்குப் போட்டுப் போகத் துணி எடுக்க லிட்டில் இந்தியா போனார்கள். குவீன் தெரு சிவப்பு விளக்கில் நின்றபோது பானெட் ஓரமாகப் புகை. பக்கத்தில் நின்ற மூன்று சக்கரத் திரைஷாக்காரர் கையை ஆட்டி, "தங்கச்சி, புகையுது, புகையுது" என்று சத்தம் போட்டாராம். சரோஜா துணிப்பையோடு இறங்கி நடந்தாள். பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்கு வந்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் என் வண்டியைவிட்டு அவள் இறங்கிப் போனது இதுதான் முதல் தடவை.

மலர் காரை மெதுவாகக் கொண்டுவந்து சேர்த்தாள். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்பா, இதுவே பாலத்து நடுவுல ஆனா நான் என்ன செய்யறது?"

"நடுவுல எல்லாம் ஆவாது."

"எப்படித் தெரியும்?"

பானெட்டைத் திறந்து புகை வந்த பக்கம் குனிந்தேன்.

"சனிக்கிழமை தோழிகூட போய் அந்த ரூமைப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

அவள் போன பிறகு வால்வ் கவர் போல்ட்டுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். சந்தேகத்தால் அல்ல. கை சும்மா இருக்க வேண்டாமே என்றுதான். ஸ்டார்ட் செய்து பார்த்ததில் ஒழுகல் குறையவில்லை. கூடினது போலவும் தெரிந்தது.

வீட்டில் மூன்றே பேர். ஒருத்தி போனால் இரண்டு. சாப்பாட்டு மேசையின் நாலாவது நாற்காலி ஏற்கெனவே துணி மடித்து வைக்கத்தான் பயன்படுகிறது.


ஜூன் 20, வெள்ளி

வானம் சுத்தம். மனமும்.

இன்று வித்தை. கீழே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பவன் பாமரன். எண்ணெய் மேலே பிறந்து கீழே வந்து சொட்டும். பிறக்கும் இடம்தான் வேண்டும். அதற்கு எஞ்சினை முழுக்கக் கழுவி, காயவைத்து, வெள்ளைத் தூள் பூசி, ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் தன் வழியைத் தானே கோடு போட்டுக் காட்டிவிடும். என் சொந்தக் கண்டுபிடிப்பு. போனில் ஒரு வெள்ளைக்காரனும் இதையே செய்து காட்டுகிறான். அவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

மின்சார இணைப்புகளைப் பிளாஸ்டிக் பையால் கட்டி, மண்ணெண்ணெய், பிரஷ், சோப்புத் தண்ணீர். எஞ்சின் அவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் காயவிட்டு, சரோஜாவின் முகப் பவுடரில் முக்கால் டின் கொட்டினேன்.

"என் பவுடரா அது?"

"எஞ்சினுக்கும் முகம் இருக்குல்ல."

"உங்க முகத்துக்கு ஒரு நாள் போட்டிருப்பீங்களா?"

ஜமால் பாய் தொழுகை முடிந்து கடைக்குப் போகாமல் என்னோடு ஏறிக்கொண்டார். பாலிக் புலாவ் மலை ஏற்றம், இறக்கம். எஞ்சினுக்குச் சரியான பரீட்சை. வழியில் டுரியான் பழக் கடை. பாய் மூன்று பழம், நான் ஏழு. (நாலு.) புகை வந்தால் அணைக்கலாம் என்று தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டே பாய் பயணம் செய்தார். எனக்கு மரியாதையாகப் படவில்லை.

வீடு வந்து பானெட்டைத் திறந்தோம். எல்லாம் வெள்ளை. ஒரே ஒரு கறுப்புக் கோடு. மேலே வால்வ் கவரின் முன் இடது மூலையில் தொடங்கி, சூடான புகைக்குழாய் மேல் விழுந்து, அங்கிருந்து வளைந்து அடியில் பில்டர் வரைக்கும். பாவம், பில்டர் குற்றமே செய்யவில்லை.

பாய் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, இது உங்க டிபார்ட்மெண்ட்தான்."

வாங்கி வந்த டுரியான் ஒன்றை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். இந்தத் தெருவில் சில விஷயங்கள் வாயைவிட்டு வெளியே போகக் கூடாது.


ஜூன் 21, சனி

காற்றே இல்லை. மலர் காலை 9 மணிக்குத் தோழியின் காரில் அறை பார்க்கப் போய்விட்டாள். நான் 9.05க்குக் கவரைக் கழற்றினேன்.

முன் இடது மூலை. காஸ்கெட் அங்கே மட்டும் நசுங்கி, கீறி, ஒரு பக்கமாகப் பிதுங்கி இருந்தது. அது உட்காரும் இடத்தில் பாதிப் பாசிப்பயறு அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. மஞ்சள், நடுவில் சிவப்பு. நகத்தால் பெயர்த்தேன். கல் மாதிரி கெட்டி.

சந்தனம். குங்குமம்.

இங்கே எழுதிவிடுகிறேன், வேறு யாரும் படிக்கப் போவதில்லை. திங்கட்கிழமை புது காஸ்கெட்டை வைத்து மூடுவதற்கு முன் ஒரு பொட்டு வைத்தேன். இந்த வீட்டில் புதுச் சாமான் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் தொடுவதில்லை. பிரிட்ஜுக்கு வைத்தோம், மிக்ஸிக்கு வைத்தோம், மலரின் கணினிக்குக்கூட வைத்தோம். கார் போர்ச்சில் கிழக்கே பார்த்து நிற்கிறது. ஆகவே எஞ்சினுக்கு ஈசானிய மூலை முன் இடது. கவருக்கு மேலே வைத்தால் மழையில், கழுவலில் போய்விடும், உள்ளே வைத்தால் நிலைத்து நிற்கும் என்று கணக்குப் போட்டேன். நிலைத்துத்தான் நின்றது. எஞ்சின் சூட்டில் காய்ந்து கல்லாகி, ரப்பரைத் தூக்கிப் பிடித்து, எண்ணெய்க்கு வாசல் திறந்துவிட்டது. வியாழக்கிழமை நான் இறுக்கிய இறுக்கில் ரப்பரும் கிழிந்தது.

மதியத்துக்குள் ஒரு கதை தயார் செய்துவிட்டேன். காஸ்கெட் வார்த்த அச்சிலேயே கோளாறு, லட்சத்தில் ஒன்று அப்படி வரும், அது நமக்கு வந்தது. நல்ல கதை. நானே பாதி நம்பிவிட்டேன்.

2.30. மலர் வந்தாள். போர்ச்சில் செருப்பைக் கழற்றினாள்.

"ரூம் நல்லா இருக்குப்பா. பெரிய ஜன்னல்."

"ம்."

"காரு என்னாச்சு?"

"அதுமா, இந்தக் காஸ்கெட் அச்சு இருக்கு பாரு, லட்சத்துல ஒண்ணு..."

"அப்பா. கதை வேணாம். ஓட்டப் போறது நான். எங்க ஒழுகுது, ஏன் ஒழுகுது, அதை மட்டும் சொல்லுங்க."

பிள்ளை முகத்தில் விளையாட்டு இல்லை. உள்ளங்கையைத் திறந்து அந்தத் துண்டைக் காட்டினேன்.

"என்ன இது?"

"சந்தனம்."

"சந்தனம் எங்க இருந்துச்சு?"

"எஞ்சின்ல. ஈசானிய மூலையில. நான்தான் வச்சேன்."

உள்ளேயிருந்து சரோஜா: "ஊரே வெளிய வைக்கும். இவருக்கு உள்ளதான் வைக்கணும்."

மலர் படியில் உட்கார்ந்தாள். அந்தத் துண்டை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"எதுக்குப்பா?"

"நீதானே ஓட்டப் போற."

மலர் எழுந்து, "ஸ்பேர் பார்ட்ஸ் கடை எத்தனை மணிக்கு மூடுவான்?" என்றாள். என் மோட்டார் சைக்கிளில் போனோம். நான் ஓட்ட, அவள் பின்னால். கடைக்காரரிடம் எஞ்சின் நம்பரை அவளே சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர், "அங்கிளுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.


ஜூன் 22, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு தெளிவு. காஸ்கெட், இரண்டாவது தடவை. இந்தத் தடவை உதவியாள் வைத்துக்கொண்டேன் என்று எழுத நினைத்தேன். உண்மையில் உதவியாள் நான்தான்.

மலர் துணியால் விளிம்பு முழுக்கத் துடைத்து நகத்தால் தடவிப் பார்த்தாள். பல் கிளினிக்கில் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள் போல. ரப்பரைக் கவர் பள்ளத்தில் சுற்றி அமுக்கினாள். நான் போல்ட் பூட்டினேன். நடுவிலிருந்து தொடங்கி, மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.

"போதும்பா."

"இன்னும் ஒரு அரைச் சுத்து வச்சா..."

"போதும்னா போதும்."

விட்டுவிட்டேன். லாரி முதலாளி சொன்னாலும் விட்டிருக்க மாட்டேன்.

மறுபடியும் கழுவல், மறுபடியும் பவுடர். டின் காலி. மலரே பாலம் தாண்டி ஓட்டிப் போய்த் திரும்பினாள், நான் பக்கத்து இருக்கையில். நடுப்பாலத்தில் மணல் லாரி கதையை எடுத்துவிட்டேன். "போன தடவை ஒரு வாரம்னீங்க, இப்ப ரெண்டு வாரமா?" என்றாள். வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தோம். வெள்ளை. ஒரு மூலை விடாமல் வெள்ளை. ஜமால் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தும் அவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. நல்ல ஞாயிற்றுக்கிழமை.

அறைக்கு இன்றுதான் கடைசி நாள். மலர் பேச்சே எடுக்கவில்லை. இரண்டு தடவை கேட்கப் போய், டயர் காற்றைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன்.


ஜூன் 23, திங்கள்

பனி மாதிரி லேசான மூட்டம். கா. 6.15, மலர் கிளம்பினாள். சரோஜா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். வெளியேதான்.

7.20. "வந்துட்டேன்" என்று மெசேஜ். புகை உண்டா, வாசம் உண்டா என்று திருப்பிக் கேட்டேன். கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

பகலில் குறிப்பிடத்தக்க வேலை எதுவும் இல்லை. பாய் கடையில் மூன்று தேநீர். அங்கே ஒருவர் தன் காரில் எண்ணெய் ஒழுகுகிறது என்றார். முழு விளக்கம் கொடுத்தேன். சந்தனத்தைத் தவிர.

மா. 5.30லிருந்து மழை. பாலத்தில் நெரிசலாம். 6.40 வரவில்லை. 6.55 வரவில்லை. குடையோடு கேட் வரை நாலு தடவை. 7.10க்குக் கார் உள்ளே வந்தது. எஞ்சின் சத்தம் தறி மாதிரி சீராக இருந்தது. வாசம் ஏதும் இல்லை.

சாப்பிடும்போது மலர் அவள் அம்மாவிடம் கிளினிக் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில், "அந்த வீட்டம்மாகிட்ட ரூம் வேணாம்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"எப்ப?" என்றேன்.

"சனிக்கிழமை சாயங்காலம்."

சனிக்கிழமை சாயங்காலம் எஞ்சின் மூடியே இல்லாமல் திறந்து கிடந்தது.

சரோஜா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.