உலையின் கீழ்க் கதவு

நிலா, கண்ணாடிக் கூடம். முதல் நாள், 06:10
உலை 1,500 டிகிரி. உள்ளே ப்ரீஃபார்ம் தொங்குகிறது: என்னைவிட உயரமான கண்ணாடித் தூண். இதை உருக்கி இழுத்தால் தலைமுடி அளவு ஒளியிழை. நிலா முழுக்கக் கேபிள் ஓடும். ஈரம் நீக்க விட்ட குளோரின் வெளியேறிவிட்டது. கீழ்க் கதவில் சிவப்புத் தகடு: எக்காரணத்துக்கும் திறக்காதே. மகள் ரூத் தொட்டிலில். கணவர் செல்வின் உதிரிபாகம் எடுத்துவர வண்டியில் போயிருக்கிறார்.

14:35
மின்சாரம் போய்விட்டது. நிலாவின் இரவு முடிய இன்னும் பல நாள். பேட்டரி காற்றுக்கும் ரேடியோவுக்கும்தான் போதும். சூடு இருப்பது உலையில் மட்டும்.

சென்னையிலிருந்து மேலாளர் வரதன்: "கதவ மட்டும் தொறந்துடாதீங்கம்மா. வேகமா ஆறினா நடுவுல வெடிச்சிரும். ரெண்டு மாச வேல."

ரூத்தின் கால் சில்லிட்டிருக்கிறது. காலுறை மேல் காலுறை போட்டேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

நீளக் கொக்கியால் திறந்தேன். கையகலம்.

இரண்டாம் நாள், 03:20
தூங்க முடியவில்லை. கண்ணாடி டிக் டிக்கென்கிறது. ஒவ்வொன்றுக்கும் ரூத் சிரிக்கிறாள்.

செல்வின் ரேடியோவில்: "ஏட்டி பெனி, வண்டி மண்ணுல புதைஞ்சிட்டு. தோண்டிக்கிட்டு கெடக்கேன். பிள்ள என்ன செய்யுதா?"

"கண்ணாடி உடையுறதக் கேட்டுச் சிரிக்கா."

"என் பிள்ளைல்லா. வந்துருதேன். சூடா மட்டும் வச்சுக்க."

மூன்றாம் நாள், 11:05
விரிசல் மேலிருந்து கீழ்வரை. நான்தான் உடைத்தேன். வரதனிடம் சொன்னேன். அவர்: "விடுங்கம்மா. பாப்பாவப் பாருங்க."

நான்காம் நாள், 19:40
கூடத்தில் மூச்சு உறைகிறது. உலைச் சுவரில் உள்ளங்கைச் சூடுதான் மிச்சம். கதவை மூடினால் அது உள்ளேயே தங்கும். தூணை இறக்கி வெளியே இழுத்துப் போட்டேன், இங்கே அவ்வளவு கனமில்லை. உள்ளே நுழைந்து பார்த்தேன். தோள் இடிக்கிறது. பிள்ளைக்கு இடமிருக்கிறது.

போர்வை விரித்தேன். உலைக்கு வரும் ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சமாகக் கசியவிட்டேன். மேலே கூடத்துக்குள் விடும் காற்றுத்துளை திறந்தே இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். பால் கொடுத்தேன். தூங்கினாள்.

மூடினேன்.

செல்வின்: "வண்டி மேல ஏறிட்டு பெனி. இன்னா வந்துட்டேன். பெனி? பேசுட்டி." பதில் சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை.

நேரம் தெரியவில்லை
விரல் மடங்கவில்லை. கதவில் காது வைத்தேன். மூச்சா, குழாயா, தெரியவில்லை. திறந்து பார்க்கக் கூடாது. திறந்தால் சூடு போய்விடும். பார்க்கக் கூடாது.

கதவிலிருந்த ‘திறக்காதே’ தகட்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன். யாராவது அதைப் படித்துவிட்டு நின்றுவிட்டால்.

செல்வின், என்கிட்ட வராதீங்க. நேரா உலைக்குப் போங்க. மெதுவாத் திறங்க, பிள்ள தூங்கிட்டிருக்—