முன்னறையில் படகு எஞ்சின்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் சளி இருமல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் சுகமில்லாமல் படுத்திருந்தது படகு எஞ்சின் ஒன்றுதான். படுத்திருந்தது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. நீ வாங்கிக் கொடுத்த சோபாவை வாசலில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பழைய போர்வையை விரித்து அதைக் கிடத்தியிருந்தார் உன் அப்பா. வெளியே மழையாம், எஞ்சின் நனையக்கூடாதாம். சோபா நனையலாமாம்.

படகை விற்றுவிட்டு இரண்டு பேரும் என்னோடு வந்து இருங்கள் என்று நீ எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். நம் எஞ்சினின் அடிப்பாகமான பிளாக்கில் விரிசல் விட்டு, உள்ளே தண்ணீர் புகுந்து, அது மூச்சை நிறுத்திக்கொண்ட நேரம். மனிதர் கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிட்டு, கடைசியா ஒரு தடவ பிரிச்சுப் பாக்கறேன், ஓடினா இங்க இருப்போம், ஓடலைன்னா மக வீட்டுக்குப் போயிடலாம் என்றார். எனக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன்.

நம் எஞ்சின் மாதிரியே இன்னொன்று இந்தக் கரையில் உன் சித்தப்பாவிடம் மட்டும்தான் உண்டு. அவர் படகு பாறையில் மோதிப் பிளந்து மூழ்கியதில் எஞ்சினை மட்டும் மேலே தூக்கிவந்தார். உப்புத் தண்ணீரில் ஊறி அதன் மேல்மூடியான ஹெட்டும் பம்ப்பும் ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டன, பிளாக் மட்டும் கல்லு மாதிரி இருந்தது. அதன் கீழ்ப்பாதி நல்லது, நம்முடையதில் மேல்பாதி நல்லது. சேர்த்தால் ஒன்றாகிவிடும். ஆனால் உன் அப்பா படகைக் கரையில் அணைப்பது எருமை குளத்தில் இறங்குவது மாதிரி இருக்கிறது என்று சித்தப்பா நாலு பேர் முன்னால் சொன்ன நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் அப்பா என்னைத் தூது அனுப்ப, நானும் சித்தியும் காய்கறிக் கடையில் நின்றபடியே பேசி முடித்தோம். படகு நம்முடையது, எஞ்சின் பாதிப் பாதி, இரண்டு பேரும் சேர்ந்து மீன்பிடிக்கப் போகவேண்டியது.

அப்புறம் நான் பட்ட பாட்டைக் கேள். ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துகொண்டு சித்தப்பா, அண்ணி, அவரு காலடியில கெடக்கற ஸ்பேனர எடுத்துத் தரச் சொல்லுங்க என்பார். அப்பா என்னைப் பார்த்து, அந்த சைஸ் சேராதுன்னு அவன்கிட்ட சொல்லு என்பார். பாத்திரம் கழுவும் தொட்டியில் பிஸ்டன். நான் குளிக்கும் வாளியில் மண்ணெண்ணெய், அதில் வால்வுகள் ஊறுகின்றன. இந்த அழகில் நாளைக்குச் சண்டை வந்தால் அவரவர் சாமானைப் பிரித்து எடுத்துக்கொள்ள அடையாளம் வேறு வேண்டுமாம். சித்தப்பா தன் சாமான்களுக்கு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட்டை வைத்தார். அப்பா எடுத்தது உன் அலமாரியில் நீ விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சு. வெளியில் வைத்தால் தம்பி சுரண்டிவிடுவான் என்று, ஹெட்டுக்கு அடியில், இரண்டு பாதிக்கும் நடுவில் தண்ணீர் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் உட்காருகிற வழவழப்பான இடத்தில் தாராளமாக ஒரு பொட்டு வைத்திருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது.

எல்லாம் பூட்டி, புகைக்குழாயை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி, கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார்கள். ஓடியது, இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு நின்றது. திறந்தால் உள்ளே ஒரே தண்ணீர். அவன் பிளாக்கும் விரிசல்தான்னு சொல்லு என்றார் அப்பா. அவரு ஹெட்டுதான் வளஞ்சிருக்குன்னு சொல்லுங்க என்றார் சித்தப்பா. கடைசியில் அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, போதும், நீ பெட்டியக் கட்டு என்றார். எனக்குச் சந்தோஷம்தான், உன்னிடம் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்.

தரையைக் கூட்டும்போதுதான் அவர்கள் கழற்றிப் போட்ட கேஸ்கட் கையில் வந்தது. அதில் சிவப்பாக ஒரு கட்டி ஒட்டியிருந்தது. அந்தச் சிவப்பை எனக்குத் தெரியாதா, ஊருக்குக் கிளம்பிய அன்று அதைப் பூசிய விரல்களால்தானே நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். கட்டியிலிருந்து உள்பக்கம் வரைக்கும் தண்ணீர் போன தடம் தெரிந்தது. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் குக்கர் ரப்பரில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் ஆவி அந்த வழியாகப் போய்விடும் என்று தெரியும். கேஸ்கட்டைக் குப்பைக்கூடைக்கு மேலே நீட்டியபடியே நின்றேன். போட்டிருந்தால் இந்நேரம் பேத்தி என் மடியில் இருப்பாள். ஆனால் முன்னறையில் உன் அப்பா ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தோடு அவர் உன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன், தாங்கவில்லை. நேராகப் போய் கேஸ்கட்டை அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அப்போது இருவரையும் நான் திட்டியதை எழுதினால் இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கையில் கொடுக்க முடியாது.

இரண்டு வீரர்களும் தலையை நிமிர்த்தாமல் பெயின்ட்டையும் பூச்சையும் பிளேடால் சுரண்டி, புதுக் கேஸ்கட் போட்டு மறுபடி சுற்றினார்கள். பிடித்துக்கொண்டது. வீடே அதிர்ந்தது, அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர் விழுந்தன. சித்தப்பா தன்னை மறந்து, அண்ணே, தண்ணி ஒழுங்கா சுத்துது பாரு என்று கத்தினார். பாத்துட்டுதான்டா இருக்கேன், கத்தாத என்றார் அப்பா. அதற்குப் பிறகு இரண்டு பேரும் வாயை மூடவில்லை. விடிவதற்குள் ஒன்றாகப் போகிறார்கள், திரும்பி வந்து சித்தி கையால் சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்குகிறார்கள். எனக்கு இங்கே ஒரு உழக்கு அரிசி வடித்தாலும் மிச்சம்.

குட்டிக்குக் காதில் எண்ணெய் விடாதே, டாக்டர் சொல்வதைக் கேள். நீ வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். மறக்காமல் ஒரு காரியம் செய். போனால் இரண்டு பேரும் சேர்ந்துதான் போகவேண்டும் என்று நானும் இத்தனை வருஷம் காத்திருந்தது போதும். அவருக்குப் படகு இருக்கிறது, தம்பி இருக்கிறான். எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும். டிக்கெட் ஒருவருக்கு மட்டும் போடு. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பெட்டியைக் கட்டிவிட்ட,
உன் அம்மா