மேலெழுதவா?

கார்த்திகை 10, திங்கள்

வாடைக்காற்று. கடல் கறுப்பு. நெடுந்தீவுத் துறையில் பதிவு அறையில் நான் மட்டும்.

பயணிகள் பட்டியல் எதிர்க்கரைத் துறையான குறிகட்டுவானில், சிவம் அண்ணையின் கணினியில். இணையம் வழியாக இங்கிருந்தே திறந்து எழுதுகிறேன். தொலைபேசியில் பதிவோர் என் பாடு. நேரே அந்தத் துறைக்கு வருவோர் அவர் பாடு.

இன்று எதைச் சேமித்தாலும் பட்டியல் எழுதும் எடிட்டர் செயலி கேட்பது ஒரே கேள்வி: "இந்தக் கோப்பை வேறொருவர் மாற்றியிருக்கிறார். மேலெழுதவா?" அண்ணையைக் கேட்டேன். தொடவே இல்லையாம். இணைப்பைத் துண்டித்துப் பார்த்தேன், எடிட்டரை அழித்து மறுபடி போட்டேன். பலனில்லை. மண்ணெண்ணெய் வாங்க மறதி.

11, செவ்வாய்

மழை. காரணம் பிடிபட்டது! அவர் கணினியின் மணிக்கூடு ஏழு நிமிடம் முந்துகிறது. நான் எழுதியதையே வேறு யாரோ பிறகு எழுதியதாக எடிட்டர் நினைக்கிறது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். நேரத்தைத் திருத்தச் சொன்னேன். "ஓம் பிள்ளை, பாப்பம்" என்றார். எருமைமாட்டில் மழை பெய்த மாதிரி. அதுவரை "ஆம்" அழுத்துவதே வழி.

12, புதன்

அலுமாரியில் கறையான். மீன்பிடி வள்ளங்கள் கரையில். படகோட்டி கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். காத்து சரியில்லை, ஆனால் சனம் நிக்குதே என்றார்.

"ஆம்" இருபது தடவையாவது. இப்போது வாசிப்பதில்லை. விரல் தானாகப் போகிறது.

13, வியாழன்

பின்னேரப் படகு குறிகட்டுவானிலிருந்து வெளிக்கிட இரண்டு நிமிடம். கடைசிப் பெயரைச் சேர்த்தேன். மேலெழுதவா? ஆம். அச்செடுத்தேன். ஓட்டியோடு பதினாலு பேர்.

4.10. படகு கவிழ்ந்துவிட்டதாம். இங்குள்ள வள்ளங்கள் எல்லாம் போய்விட்டன.

5.20. நாலு வள்ளத்தில் கொண்டுவந்தார்கள். ஓட்டிக்கு நினைவில்லை. பாதிப் பேர் தீவு பார்க்க வந்த வெளியூரார், நடுக்கத்தில் பேச்சே வரவில்லை. பட்டியல் பெயர்களை வாசிக்க ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். இரண்டு தடவை எண்ணினேன். பதினாலு. எல்லாரும் வந்திட்டினம் என்று நான்தான் சொன்னேன். வள்ளங்களைக் கட்டிவிட்டார்கள். அழுதேன், சந்தோஷத்தில்.

6.05. சிவம் அண்ணை பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்திருந்தார். தொலைபேசியில் கவிழ்ந்ததைச் சொல்லி, பதினாலு பேரும் தப்பியதைச் சொன்னேன்.

"பதினாறெல்லோ பிள்ளை? கடைசியா ஓடிவந்து ரெண்டு பேர் ஏறினவை. நான் பதிஞ்சனான்."

கேள்வி வரத்தான் செய்தது, உங்கள் மணிக்கூட்டுக் கோளாறு என்று நினைத்தேன் என்றேன்.

"மணிக்கூட்டை நேற்றுப் பின்னேரமே திருத்திப்போட்டன். உமக்குச் சொல்ல மறந்துபோனன்."

இன்று வந்த கேள்வி உண்மை. அவர் சேர்த்த அந்த இரண்டு பேரையும் ஆம் என்று அழுத்தி நான் அழித்துவிட்டேன். அவர்களின் பெயர் அவருக்கு நினைவில்லை, வெளியூர்ப் பெயர்களாம்.

6.20. இருட்டுகிறது. வள்ளங்களை அவிழ்க்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கடலில் கிடப்பவர்கள் இருட்டில் குரல் கொடுப்பார்களாம். வாசலில் நின்று என்னைக் கேட்கிறார்கள், என்ன பெயரென்று.