குழாயின் உட்சுவர்

இன்று காலை ஈப்போவில் என் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்க வந்தவன், அறுத்தெடுத்த துண்டொன்றை என்னிடம் நீட்டினான். உள்ளே துரு முண்டு முண்டாய் ஏறியிருந்தது. ஈர இரும்பின் வாடை மூக்கில் பட்டதும், நண்பனே, உன்னை நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளில், ஈப்போவை அடுத்த லகாட்டில் இருந்த ஈயச் சுரங்கத்துக்கு மலையிலிருந்து இரும்புக் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. வழியில் தண்ணீரைத் திறந்து மூடும் திறப்புக்குக் காவல் முனியாண்டி. ரப்பர் பால் வெட்டும் கித்தாத் தோட்டத்தை விட்டு வந்தவன். ஆண்டுக்கு ஆண்டு தண்ணீர் குறைந்தது. அவன் திறப்பைத் திருகித் தண்ணீரைப் பக்கத்துச் சுரங்கத்துக்கு விற்றுவிட்டான் என்பது குற்றச்சாட்டு. தண்டனை கிடைத்தால் அவனுக்குச் சிறை. மனைவி மக்களுக்குச் சுரங்கம் கொடுத்திருந்த லயத்து வீடும் பறிபோகும். அவனுக்காக வாதாட நான் ஒப்புக்கொண்டிருந்தேன்.

சுரங்கத்தில் கணக்கெழுதும் கிராணி என் முன்னிலையிலேயே அவனைக் கேலி செய்தான். "மலையில நெறைய தண்ணி இருக்கு, கீழ வந்தா காணோம். நடுவுல நீதான இருக்க? எல்லாத்தையும் குடிச்சிட்டியாடா?"

"முருகன் சத்தியமா நான் தொடலீங்க" என்றான் முனியாண்டி. சத்தியத்தைக் கொண்டு வழக்கை வெல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும்.

பொதுப்பணிப் பிரிவில் நீர்வேலை பார்த்த உன்னிடம் வந்தேன். குழாயின் உட்சுவர் சொரசொரத்துப் போனாலே தண்ணீர் குறையும் என்றாய். சுரங்கக் குழாயின் வயதே உடைய பழங்குழாய் ஒன்றையும் புதுக்குழாய் ஒன்றையும் தேடிக் கொண்டுவந்து, துவாரம் இரண்டிலும் ஒரே அகலம்தான் என்று அளந்து காட்டினாய். விசாரணைக்கு முந்தின மாலை, என் வீட்டுக் கொல்லையில் ஒரு முக்காலிமேல் தொட்டியை வைத்து இரண்டிலும் தண்ணீர் விட்டோம். இரண்டு வாளிகளும் ஏறக்குறைய ஒன்றாகவே நிறைந்தன.

"இதை நாளைக்குக் காட்டினால் அவனை நாங்களே சிறைக்கு அனுப்பின மாதிரி" என்றேன்.

"பொறு மச்சான். மலைத் தண்ணி இப்பிடி ஆடி அசைஞ்சே வருது? விழுந்தடிச்செல்லே ஓடி வருது!"

தொட்டியைக் கூரை உயரத்துக்கு ஏற்றச் செய்தாய். குழாய்கள் இரைந்தன. இம்முறை புதுக்குழாயின் வாளி வழிந்தபோது மற்றது முக்கால்கூட நிறையவில்லை. மெதுவாக ஓடுகையில் சுவரையொட்டிய நீர் மெல்லிய போர்வைபோல் முண்டுகளை மூடிவிடுகிறது. வேகம் கூடக் கூடப் போர்வை மெலிந்து முண்டுகள் வெளியே தலை நீட்டுகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் சுழி எழுந்து ஓட்டத்தின் வலுவைத் தின்கிறது என்று விளக்கினாய். நான் பாதிதான் கேட்டேன். நீதிமன்ற முற்றத்தில் அவ்வளவு உயரத்துக்கு ஏணி கிடைக்குமா என்பதே என் கவலையாக இருந்தது.

மறுநாள் ஏணி கிடைத்தது. வாளிகளும் நாம் வேண்டியபடியே நிறைந்தன. அப்போதுதான் நீதிபதி கேட்டார்: "சுரங்கக் குழாயிலும் இதுவே நடந்தது என்று உறுதியாகச் சொல்வீரா?"

ஆம் என்று சொல்லிவிடு என்று மனத்துக்குள் மன்றாடினேன். நீயோ, "அந்தக் குழாயை நான் திறந்து பார்க்கவில்லை. இப்படி நடந்திருக்கலாம் என்றே சொல்வேன்" என்றாய். தீர்ப்பு வரும்வரை மேசை விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சந்தேகத்தின் பலன் அவனுக்கே என்று நீதிபதி விடுவித்தார்.

வெளியே வந்த முனியாண்டி எங்கள் இருவரையும் கும்பிட்டான். ஆனால் முகம் தெளியவில்லை. "ஐயா, தண்ணியப் பத்தி அவ்ளோ சொன்னீங்க. நான் எடுக்கலன்னு ஒரு வார்த்த சொல்லலியே?"

சட்டப்படி எல்லாம் சரியாகவே முடிந்திருந்தது. நீ அவன் தோளில் கை வைத்தாய். "நீ எடுக்கேல்லை எண்டு நான் நம்புறன். நம்புறதை அங்கை சாட்சியாச் சொல்ல ஏலாது. இங்கை சொல்லுறன்." கிராணியும் ஆட்களும் நின்றிருந்த பக்கம் திரும்பி, அவர்கள் காதில் விழும்படி அதையே மறுபடி உரக்கச் சொன்னாய். அப்போதுதான் அவன் அழுதான்.

அந்தக் குழாயை யாரும் திறந்து பார்க்கவேயில்லை. உண்மை என்னவென்று இன்றும் எனக்குத் தெரியாது. ஒருவேளை அவன் எடுத்திருப்பானோ என்ற அச்சம் என்னை விட்டுப் போகவுமில்லை. ஆயினும் அன்று முதல், எந்த வழக்கு முடிந்து வெளியே வந்தாலும், என் கட்சிக்காரனை நான் நம்பினால், நாலு பேர் நிற்கும் இடத்திலேயே அவனிடம் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் நாக்கு உலர்ந்துபோகிறது. உலர்ந்த நாக்கோடுதான் சொல்கிறேன்.