இசக்கியோட கெமிஸ்ட்ரி நோட்டு

ஜூலை 28
அடுத்த வீட்டு சைனப் வந்தாள். வீட்டுக்குள்ளே மழைத்தண்ணி ஏறி அவள் மகள் உமைராவோட போன வருஷ நோட்டெல்லாம் கூழாப் போச்சாம். "யக்கா, நம்ம இசக்கியோட கெமிஸ்ட்ரி நோட்டு இருந்தா குடுங்களேன். பரீட்சையில போன வருஷப் பாடத்துலயும் கேப்பானாம்."
பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன்னு சொன்னேன். பொய். என் தலையணை உறைக்குள்ளே இருக்கு.
ரெண்டு பிள்ளைகளும் ஒண்ணாத்தான் காலேஜ் போச்சு. என் மகள் மாசியில காய்ச்சல்ல போயிட்டா. சைனப் மகளுக்குப் பரீட்சை வருது. நோட்டும் வேணுமாக்கும்?

ஆகஸ்ட் 2
சுவருக்கு அந்தப் பக்கம் உமைரா சத்தம் போட்டுப் படிக்கா. காதில் பஞ்சு வச்சேன்.

ஆகஸ்ட் 9
நான் வேலை பாக்குற மெழுகுவத்திக் கம்பெனியில் பாந்த்ரா மாதா கோயில் திருவிழாவுக்கு மெழுகுப் பொம்மை ஊத்துறோம். கை, கால், பிள்ளை உருவம் — நோய் தீர நேர்ந்துகிட்டவங்க வாங்குறது. இன்னைக்கு ஊத்தின பிள்ளை எல்லாம் கழுத்து சாஞ்சுபோச்சு. முதலாளி சலாவுதீன் பாய் மலிவா வேற மெழுகு வாங்கியிருக்கார். "ரெண்டும் மெழுகுதானே, ஏன் வளையுது?"ன்னு என்கிட்ட கேக்கார். தொட்டா தெரியும், இது கெட்டி, இது இளக்கம்னு. ஏன்னு தெரியாதே.
இசக்கி ஒரு நாள் சொல்ல வந்தா, "எம்மா, உன் மெழுகு எங்க பாடத்துல வருது." சோத்தைத் தின்னுட்டுப் பேசுன்னேன். அப்புறம் அவ சொல்லவே இல்லை.

ஆகஸ்ட் 10
நோட்டைத் திறந்தேன். எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கத்து ஓரத்தில் மட்டும் தமிழில், "அம்மா மெழுகு". யார்கிட்ட கேக்க? உமைராகிட்டயா?

ஆகஸ்ட் 11
சைனப் வீட்டுக்குப் போனேன். நோட்டைப் பார்த்ததும் சைனப் என் முகத்தைப் பார்த்தாள். பேப்பர்காரன் பேச்சை எடுக்கலை.
உமைரா விரல் வச்சு வாசிச்சாள். கார்பனுக்கு நாலு கையாம். ஒண்ணை ஒண்ணு பிடிச்சு வரிசையா நிக்குமாம்; மிச்சக் கையெல்லாம் ஹைட்ரஜனைப் பிடிச்சுக்குமாம். குட்டி வரிசை சிலிண்டர் கேஸ், நீண்டா மண்ணெண்ணெய், இன்னும் நீண்டா மெழுகு. மூணும் ஒரே வம்சம்! நேர் வரிசைன்னா ஒட்டி அடுக்கா, கெட்டியா நிக்கும். நடுவுல கிளை விட்டா நெருங்க முடியாது, சீக்கிரம் இளகிரும்.
"இசக்கிதான், பெரிம்மா, எனக்குச் சொல்லித் தந்தா. காலேஜ் போற ட்ரெயின்ல."
ட்ரெயின்ல! எனக்குச் சொல்ல வந்ததை இவ கேட்டிருக்கா. நோட்டைப் பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன்.

ஆகஸ்ட் 13
"நோட்டு என் வாசலைத் தாண்டாது. போட்டோவும் எடுக்கக் கூடாது. வேணும்னா இங்க வந்து வாசிச்சு எழுதிக்கிடட்டும்"னு சைனப்கிட்ட சொன்னேன். பெரிய மனசு ஒண்ணும் இல்லை. மீதிப் பக்கத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்.

ஆகஸ்ட் 21
உமைரா எழுதிக்கிட்டிருந்தாள். வெங்காயம் உரிச்சுக்கிட்டே பார்த்தேன்.
"ஏளா, இந்த கார்பனுக்கு மூணு கைதான போட்டிருக்கே."
எண்ணிப் பார்த்து நாக்கைக் கடிச்சாள். "பெரிம்மா, பேசாம பரீட்சையை நீங்களே எழுதிருங்க!"
எனக்கும் சிரிப்பு வந்துட்டு. இப்படிக் கேலி பண்ண என் இசக்கிதானே இருக்கணும்?
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சைனப் கூப்பிட்டாள், "உமைரா, சோறு ஆறுது, வா."
"இன்னும் ரெண்டு பக்கம் கெடக்கு, இவ இங்கயே தின்னட்டும்"னு நான்தான் சத்தம் குடுத்தேன்.
உண்மையில பாடம் முடிஞ்சிருந்தது. உமைராவுக்கும் தெரியும். நோட்டை மூடாம உக்காந்திருந்தாள்.