பால் ஆறுவதற்குள்

அத்தான்,

இன்று காலைப் பூசை முடிந்து வந்தபோது கொல்லைப் படியில் பனிக்கட்டி காத்திருந்தது. ஈரச் சாக்கு, அதற்குள் மரத்தூள், அதற்குள் கட்டி. நனைந்த மரத்தூளின் வாசனை அடுப்படி வரைக்கும் வந்திருந்தது. அந்த வாசனையில் எனக்குக் கிறிஸ்துமஸ் நினைவு வருவதில்லை. உங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த அலுமினியத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது.

நான் சொல்லி வந்ததல்ல அது. அக்காவே ஆள் அனுப்பி வாங்கியிருக்கிறாள். போன வருஷம் உங்களுக்காக நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடவில்லை. இந்த வருஷம் உங்கள் மகள் பாப்பா விடவில்லை. அவளுக்கு இப்போது எட்டு வயது. "அன்னிக்கு எனக்கு இருமல்னு ஒரு கரண்டி ஐஸ்கிரீம்கூடத் தரல. இப்ப எனக்கு இருமல் இல்ல மாமா" என்று வாயைத் திறந்து தொண்டையைக் காட்டுகிறாள்.

எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பாதி உங்களுக்குத் தெரியும். மீதிப் பாதி தெரியுமா என்பதுதான் இரண்டு வருஷமாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ஐஸ்கிரீம் வாளியை நீங்கள்தான் கொண்டு வந்தீர்கள். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது, எல்லாரும் நாற்காலிக்கும் கண்ணாடிக்கும் அடித்துக்கொண்டிருக்க, நீங்கள் யாரும் சீந்தாத அந்த மரவாளியைத் தூக்கி வந்தீர்கள். நடுவில் மூடி போட்ட தகரக் குவளை, அதைச் சுற்ற ஒரு இரும்புக் கைப்பிடி. "மாப்ள, நீ ஐஸ் பாக்டரில பிட்டரா இருந்து என்ன புண்ணியம்? இந்தக் கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுல ஐஸ்கிரீம் சுத்துறோம்" என்றீர்கள். துருவைச் சுரண்டி, அச்சுக்கு எண்ணெய் விட்டு, கைப்பிடியை ஓடவைத்தது நான்.

உங்களைப் போல் தின்பதில் ஆசையும் தண்ணீரில் பயமும் சேர்ந்த மனிதரை நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் உங்கள் அம்மா காலராவில் ஒரே நாளில் போனதிலிருந்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் தவிர வேறு எதுவும் உங்கள் தொண்டையில் இறங்கியதில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்கும் கூஜாவோடுதான் வருவீர்கள். உங்களைக் கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள். "அத்தானுக்குக் கல்லறையிலயும் பக்கத்துல கூஜா வைக்கணும்" என்று ஒரு தடவை சொன்னேன். நீங்கள்தான் எல்லாரையும் விட உரக்கச் சிரித்தீர்கள்.

எங்கள் பாக்டரியில் பனிக்கட்டி எந்தத் தண்ணீரில் உறைகிறது என்று எனக்குத் தெரியும். வாய்க்காலில் இருந்து வந்து திறந்த தொட்டியில் நிற்கும் தண்ணீர். அதை யாரும் மறைக்கவில்லை. வாங்க வருகிறவர்களிடம் மேஸ்திரி ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "மீன் மேல போடுங்க, சோடா பாட்டிலைச் சுத்தி வைங்க. வாய்க்குள்ள போடாதீக." ஐஸ்கிரீம் வாளியிலும் பனிக்கட்டி வெளியேதான் நிற்க வேண்டும். மரத்துக்கும் குவளைக்கும் நடுவில் கட்டியை உடைத்துப் போட்டு, மேலே கல்லுப்பைத் தூவினால், குளிர் இன்னும் கீழே இறங்கும். அந்தக் குளிரில் குவளைக்குள் சுழலும் பால் உறையும். உள்ளே இருப்பது உள்ளே, வெளியே இருப்பது வெளியே. வேலையே அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாலை நீங்களே காய்ச்சினீர்கள். ஒரு தடவை பொங்கியதும் நான் கேட்டேன். "இன்னொரு கொதி வரட்டும் மாப்ள" என்றீர்கள். சீனியும் ஏலக்காயும் போட்டு மறுபடி கொதிக்கவிட்டீர்கள். சிறுமலை வாழைப்பழத்தைக்கூட வெந்நீரில் கழுவித்தான் உரித்தீர்கள். நீங்கள் பாலை இறக்கியபோது மணி பதினொன்று. பனிக்கட்டியோ காலையிலேயே வந்து, சாக்குக்குள் பாதி கரைந்திருந்தது. கொட்டாம்பட்டியிலிருந்து வந்த உங்கள் அண்ணன் கொல்லை வாசலில் நின்று என்னைப் பார்த்து, "என்ன எஞ்சினியரே, இது இந்தக் கிறிஸ்மஸுக்கா, வார ஈஸ்டருக்கா?" என்று கேட்டார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

கொதிக்கும் பாலைக் குவளையில் ஊற்றினால் சுற்றியிருக்கும் கட்டியெல்லாம் அந்தச் சூட்டை ஆற்றவே கரைந்து போகும். பால் ஆற ஒரு மணி நேரமாவது வேண்டும். அந்த ஒரு மணி நேரம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. நீங்கள் கைகழுவப் போன நேரத்தில் இரண்டு கை நிறைய பனிக்கட்டியை எடுத்துக் கிணற்றுத் தண்ணீரில் அலசிப் பாதி ஆறியிருந்த பாலுக்குள் போட்டேன்.

தெரியாமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும் என்று தொழிற்பள்ளியில் பரீட்சைக்கு எழுதியவன் நான். நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். பால் சட்டென்று ஆறியது. குவளையில் ஊற்றினேன், சுற்றினேன், அரை மணியில் கைப்பிடி இறுகியது. மூடியைத் திறந்தபோது மஞ்சளும் வெள்ளையுமாய் உறைந்திருந்தது. பேஷாக வந்திருந்தது. வீடே கைதட்டியது.

நீங்கள் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் என்னிடம் குனிந்து கேட்டீர்கள்.

"மாப்ள, காய்ச்சின பாலுதான? வேற ஒண்ணும் உள்ள சேரலையே?"

"இல்ல அத்தான்" என்றேன். அதன் பிறகுதான் கரண்டியை எடுத்தீர்கள்.

மூன்று கிண்ணம் சாப்பிட்டீர்கள். நான் இரண்டு. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. உங்கள் அண்ணனுக்கு இரண்டு நாள் வயிற்றோட்டம், அதோடு சரி. பண்டிகைச் சாப்பாடு என்று அவரே சிரித்துக்கொண்டார். புது வருஷம் பிறந்தது. நானும் அதை மறந்தே போனேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் தலைவலி என்று வேலைக்குப் போகாமல் படுத்தீர்கள். அடுத்த நாள் ஜுரம். அதற்கடுத்த நாள் ஒரு டிகிரி கூடுதல், அதற்கடுத்த நாள் இன்னும் ஒன்று. பழக்கதோஷத்தில் ஒரு காகிதத்தில் கோடு போட்டு வைத்தேன். படிக்கட்டு மாதிரி ஏறியது. ஐந்தாம் நாள் டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "டைபாய்டு" என்றார்.

"வெளிய எங்கயாவது தண்ணி குடிச்சாரா?"

"அவுகளா? கூஜா இல்லாம தெருமுனையத் தாண்ட மாட்டாக, டாக்டர்" என்றாள் அக்கா.

"அப்ப பாலைப் பாருங்க. தண்ணி கலந்திருப்பாங்க."

நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் ஜுரம் இறங்குமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இறங்காதுதான். ஆனால் அக்கா அன்று சாயங்காலமே வாசலில் நின்று, பால் ஊற்றும் அம்மாவின் செம்பைத் தெருவில் வீசினாள். "என் புருசனைக் கொல்லப் பாத்தியேடி" என்று கத்தினாள். அந்த அம்மா, "மாதாவாண சொல்றேன் தாயி, கறந்த பாலு, ஒரு சொட்டுத் தண்ணி சேக்கல" என்று அழுதாள். மாதா மேல் ஆணையிடுகிற வீடு அவளுடையதில்லை. நாங்கள் நம்புவோம் என்பதற்காக நம் சாமியின் மேல் ஆணையிட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாள் ஒரு வீடும் அவளிடம் பால் வாங்கவில்லை.

இரண்டாவது வாரம் உங்கள் தலையில் வைக்கப் பனிக்கட்டி வேண்டும் என்றார்கள். வேறு யார் கொண்டு வருவது? அதே பாக்டரி, அதே தொட்டி. தினமும் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்து, உடைத்து, ரப்பர் பையில் போட்டு உங்கள் நெற்றியில் வைத்தேன். மிச்சம் கட்டிலுக்குக் கீழே அலுமினியத் தட்டில் கரைந்துகொண்டிருக்கும். ஒரு மத்தியானம் கண் திறந்து, நாக்கு வெடித்துப் போயிருக்க, "ஒரு துண்டு வாயில போடு மாப்ள" என்றீர்கள்.

யோசிக்காமல் சொன்னேன்: "இத வாயில போடக்கூடாது அத்தான்."

நீங்கள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள். ஜுரத்தில் வெறித்த கண்ணா, புரிந்துகொண்ட கண்ணா? இன்றும் எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதிலிருந்து நாலாம் நாள் வயிற்றுக்குள் இரத்தம் கண்டது. ஞாயிற்றுக்கிழமை, கோயில் மணி அடிக்கும்போது போய்விட்டீர்கள்.

அந்த மாதமே பாக்டரி வேலையை விட்டேன். இப்போது பஞ்சாலையில் பாய்லர் பார்க்கிறேன். நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால். அதனால் ஒன்றும் ஆறவில்லை. பால்காரம்மா முதலில் கன்றை விற்றாள், பிறகு மாட்டை விற்றாள். இப்போது வில்லாபுரத்தில் குடியிருந்துகொண்டு சித்தாள் வேலைக்குப் போகிறாள் என்று கேள்வி. போன மாதம் மண்கூடையோடு ரோட்டில் பார்த்தேன். அவள் எனக்கு வணக்கம் சொன்னாள். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

இன்று காலை கட்டியை உடைக்கச் சுத்தியலோடு உட்கார்ந்தேன். பாப்பா வெளியே தன் கூட்டாளிகளைக் கூப்பிடப் போயிருந்தாள். அக்கா பாலை இறக்கிவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

"இந்தத் தடவை பயமில்ல தம்பி. ஒத்தக்கடையில இருந்து வார பாலு, நம்ம ஆளு முன்னாலயே கறந்தது. அந்தப் பாவிகிட்ட வாங்கித்தான அவுகள எமனுக்குக் குடுத்தேன்."

சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"பாலுல ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அவுக உங்கிட்டக் கேட்டாகளா?"

"கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சேரலன்னு சொன்னேன்."

"அதுக்கு அவுக என்ன சொன்னாக?"

இதை அவள் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. பனிக்கட்டியைப் பற்றிக் கேட்பாள், ஏன் மறைத்தாய் என்று கேட்பாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"'நீ சொன்னாச் சரி மாப்ள'ன்னாக."

அக்கா எழுந்து போய் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"நாளைக்குக் காலைல அந்த அம்மா வீட்டுக்குப் போறோம். நானும் வாரேன், செம்ப வீசினது என் கை. ஆனா பேசுறது நீ. தெருவுல நின்னு, எல்லாருக்கும் கேக்குறாப்புல பேசு. அதுவரைக்கும் எங்கிட்டப் பேசாத."

பாப்பா கூட்டாளிகளோடு கிண்ணம் எடுத்து வந்து நின்றாள். ஐஸ்கிரீம் இல்லை என்றேன். ஏன் என்றாள். அவளிடமும் பொய் சொல்லாமல், "பெறகு சொல்றேன்" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. நல்லதுதான்.

விடிந்தால் வில்லாபுரம் போக வேண்டும். அக்கா முன்னால் நடப்பாள், நான் பின்னால். அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று மூன்று தடவை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். போன மாடு வராது. நீங்களும் வரமாட்டீர்கள். இனி இந்த வீட்டில் யாரும் என் வார்த்தையைக் கேட்டவுடன் கரண்டியை எடுக்கப்போவதில்லை. நீங்கள் ஒருவர்தான் எடுத்தீர்கள், அத்தான்.